ஏழாவது வரிசைத் தாழ்ப்பாள்

அந்த டேப்பை ஒட்ட வைத்ததே தரணிதான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்ததைக் கேட்கிறவர்கள், பொறுப்பில்லாத பெண் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். ஏற்கெனவே அப்படிப் போனவர்கள் நிறையப் பேர்.

ஐதராபாத்துக்கும் திருப்பதிக்கும் நடுவே ஓடிய, இறக்கையில் விசிறி சுற்றும் சின்ன விமானம் அது. தரணி அதில் பணிப்பெண். ஏழாவது வரிசைக்கு நேர் மேலே, பயணிகள் பை வைக்கும் அறையின் மூடியில் தாழ்ப்பாள் தேய்ந்து போயிருந்தது. மூடினால் 'க்ளிக்' என்று சத்தம் என்னவோ ஒழுங்காக வரும், பிடிப்பு இருக்காது. விமானம் கொஞ்சம் குலுங்கினால் போதும், மூடி தானாக வாயைப் பிளக்கும். கண்ணில் பட்ட அன்றைக்கே தரணி எழுதிக் கொடுத்துவிட்டாள். திருப்பதி விமான நிலையம் இருக்கும் ரேணிகுண்டாவில் விமானங்களைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் சிட்டிபாபு எட்டிப் பார்த்துவிட்டு, "பார்ட் வரணும்மா. வந்தா மாத்திடலாம்" என்றார். பார்ட் எங்கிருந்து வரும், எப்போது வரும் என்பது அவருக்கும் தெரியாது, அவருக்கு மேலே இருக்கிறவர்களுக்கும் தெரியாது.

அதுவரைக்கும் என்ன செய்வது? அதற்கும் விதி இருக்கிறது. அந்த அறையில் எதையும் வைக்காமல் மூடி, டேப் ஒட்டி, உபயோகிக்கக் கூடாது என்று எழுதிவிட்டால் விமானம் தாராளமாகப் பறக்கலாம். அந்த டேப்பை ஒட்டவும் சிட்டிபாபுவுக்கு நேரமில்லை. "ஒட்டாம நான் ஆள ஏத்த மாட்டேன் சார்" என்று தரணி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அவர் முணுமுணுத்தபடியே வந்து, சிவப்பு டேப்பைக் குறுக்கே இழுத்து ஒட்டிவிட்டுப் போனார். கூட வேலை செய்யும் செல்வி அன்றிலிருந்து அவளை 'டேப்பு தரணி' என்றுதான் கூப்பிட்டாள்.

கோளாறு அது ஒன்றுதான் என்று நினைத்துவிட வேண்டாம். பின்வரிசை நாற்காலி ஒன்று நிமிர்த்தினால் நிற்காது, பயணியோடு சேர்ந்து படுத்துக்கொள்ளும். வெந்நீர்ப் பாத்திரம் ஒழுகும். சாப்பாட்டுப் பலகை ஒன்றைக் கட்டியே வைத்திருந்தார்கள். வீட்டில் உடைந்த சாமானைச் சரி செய்கிறவரை பரண்மேல் போட்டு வைப்போம். இங்கே பரணே உடைந்திருந்தது.

தரணிக்கு இதெல்லாம் மனப்பாடம். எந்த நாற்காலிக்கு என்ன வியாதி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். நகரிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவள். திருப்பதியில் ஒரு புடவைக் கடையில் நின்றுகொண்டிருந்தவள். தேர்வில் எப்படியோ தேறி, பயிற்சி முடித்து, முதல் தடவை விமானத்தின் முன்பக்க மடக்கு நாற்காலியில் பயணிகளைப் பார்த்தபடி உட்கார்ந்தபோது அவளுக்கு ஒன்று புரிந்தது. எதிரே இருந்த முகங்கள் எல்லாம் அவளை நம்பிக்கொண்டிருந்தன. அப்படி யாரும் அதற்கு முன்னால் அவளை நம்பியதில்லை. சம்பளத்தைவிட அதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

புரட்டாசி மாதம். ஐதராபாத்திலிருந்து கிளம்பிய விமானத்தில் மலைக்குப் போகிற கூட்டம் நிரம்பி வழிந்தது. பைக்கு மேல் பை திணித்து, மேலறைகள் எல்லாம் மூட முடியாமல் பிதுங்கின. கடைசியாக ஏறினார்கள் ஸௌரிராஜனும் அவர் மனைவி கமலவல்லியும். மகன் ராம்ப்ரசாத் வீட்டில் கொஞ்சநாள் இருந்துவிட்டுத் திருப்பதிக்குத் திரும்புகிறார்கள். அவர் கீழ்த் திருப்பதிக் கோயிலில் பிரபந்தம் சேவித்து ஓய்வு பெற்றவர். நெற்றி நிறையத் திருமண், பஞ்சகச்சம், நெஞ்சோடு அணைத்தபடி பட்டுத்துணி சுற்றிய ஒரு தேக்குப் பெட்டி. மூலைகளில் பித்தளைப் பூண். அதற்குள் அவர் தினமும் ஆராதனம் செய்கிற சாளக்கிராமங்களும் ஒரு சின்னக் கண்ணன் விக்கிரகமும் பூஜைப் பாத்திரங்களும் இருந்தன. எந்த ஊருக்குப் போனாலும் பெருமாளும் கூடவே போவார். ஒருநாள்கூட ஆராதனம் நிற்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

அவர்களுக்கு ஏழாவது வரிசை. போகிற வருகிறவர்கள் மேலே படக் கூடாது என்று அவர் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். நடைபாதை ஓரம் கமலவல்லிக்கு வந்தது.

"சார், அந்தப் பெட்டிய முன் சீட்டுக்கு அடியில வெச்சிடுங்க சார்" என்றாள் தரணி. தினமும் நூறு தடவை சொல்கிற வாக்கியம்.

ஸௌரிராஜன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாகப் போயிருக்கும். அவர் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். "காலடியிலயா? உள்ளே பெருமாள் எழுந்தருளியிருக்காரேம்மா."

தரணியின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. வேறு இடம் தேடினாள். பத்தாவது வரிசைக்கு மேலே கொஞ்சம் இடம் இருந்தது. அதன் பக்கத்தில் யாரோ ஒரு ஜோடி தோல் செருப்பைக் காகிதத்தில் சுற்றிச் செருகியிருந்தார்கள். அவர் எட்டிப் பார்த்தார். பெட்டியோடு மறுபடி உட்கார்ந்தார்.

"நான் மடியில வெச்சுக்கறேனே" என்றார் கமலவல்லி. "என்ன பெரிய பாரம்? ஒரு மணி நேரம்தானே."

"மடியில வெக்கக் கூடாதும்மா. ரூல்ஸ் ஒத்துக்காது."

இந்த வாக்கியத்தைத் தரணி பிற்பாடு எத்தனையோ தடவை திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அதில் ஒரு தவறும் கிடையாது. பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடியே அட்சரம் பிசகாமல் சொல்லியிருந்தாள்.

ஸௌரிராஜன் அண்ணாந்து பார்த்தார். தலைக்கு நேர் மேலே சிவப்பு டேப் ஒட்டிய அறை. "இது காலியான்னா இருக்கு?"

"அது ரிப்பேர் சாமி. தாழ்ப்பாள் புடிக்காது."

'சார்' போய் 'சாமி' வந்தது அந்த இடத்தில்தான். பயிற்சியில் சார், மேடம் தவிர வேறு வார்த்தை வாயில் வரக் கூடாது என்று அடித்துச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவள் ஊரில் திருமண் இட்ட கோயில் மனிதரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. சாமி என்று கூப்பிட்டுவிட்டால், அதற்கப்புறம் அவர் கேட்பதை இல்லை என்று சொல்ல நாக்கு எழாது. அவளுக்கும் எழவில்லை.

"வேற யார் சாமானும் படாத எடம்" என்றார் அவர், முகமெல்லாம் மலர்ந்து. "அவருக்குன்னே தனிச் சந்நிதியா ஒதுக்கி வெச்சாப்பல இருக்கு. கொஞ்சம் திறந்து விடும்மா."

"வேணாம் சாமி. குலுங்கினா தொறந்துக்கும்."

"லோகத்தையே தாங்கறவர். அவரை அவர் பாத்துப்பார்."

விமானி கதவைச் சாத்தச் சொல்லி இரண்டாவது தடவை மணியடித்தார். பின்னாலிருந்து யாரோ, என்ன தாமதம் என்று தெலுங்கில் சத்தம் போட்டார்கள். தரணி டேப்பின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, கிழியாமல் மெதுவாக உரித்தாள். ஸௌரிராஜன் தன் கையாலேயே பெட்டியை உள்ளே வைத்தார். அவள் விரல் நுனியால் பட்டுத்துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மூடியை அழுத்தினாள். 'க்ளிக்' என்றது. உரித்த டேப்பைப் பழையபடி ஒட்டினாள். ஒருமுறை உரித்த டேப் எந்த அழகில் ஒட்டும்?

கடப்பை தாண்டியதும் மேகம். சேஷாசலத்துக்கு மேலே இறங்கத் தொடங்கியபோது விமானம் தூக்கித் தூக்கிப் போட்டது. தரணி முன்பக்க மடக்கு நாற்காலியில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு அந்த டேப்பையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் ஒரு முனை எழும்பியது. அப்புறம் மறு முனை.

"அம்மா, தலைய குனிங்க!" என்று கத்தினாள்.

யாரோ தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று கமலவல்லி தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

பெட்டி உடையவில்லை. பெருமாளுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. ஒரு மூலையில் பித்தளைப் பூண் மட்டும் லேசாக நெளிந்திருந்தது. கமலவல்லியின் தலையிலிருந்து ரத்தம் அதிகமாக வெளியே வரவில்லை. அதுதான் மோசம் என்று திருப்பதி ஆஸ்பத்திரியில் அப்புறம் சொன்னார்கள். எல்லாம் உள்ளுக்குள்ளேயே கசிந்திருந்தது. மண்டையைத் திறந்து பார்த்துத் தைத்தார்கள். கண் விழித்தார், ஆனால் யாரையும் அடையாளம் தெரியவில்லை, பேச்சும் இல்லை. இனி இங்கே வைத்திருந்து பயனில்லை என்று ஆஸ்பத்திரி கையை விரித்துவிட்டது. சித்தூரில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருக்கும் மகள் ஸ்ரீப்ரியா தன் வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

தரணியின் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். திருப்பதி ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் லோகேஸ்வரன் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கெட்ட மனிதர் இல்லை. தெலுங்கும் தமிழும் கலந்துதான் அவருக்குப் பேச வரும்.

"சூடு தரணி, இங்க பாரு. பார்ட் வரல. ரூல் பிரகாரம் டேப் ஒட்டி ஓட்டினோம். கம்பெனி மேல ஒரு தூசும் ஒட்டாது. அந்த டேப்ப உரிச்சது யாரு? அந்தே, அவ்ளோதான் கேள்வி."

தரணி தன் விரல் நகத்தைப் பார்த்தாள்.

"பேசஞ்சர் உரிச்சாருன்னா நீ கவனிக்கலேன்னு ஒரு வார்னிங். அதோட போச்சு. நீ உரிச்சேன்னா முடிஞ்சுது. நம்ம கம்பெனி மட்டும் இல்ல, எந்த ஏர்லைன்ஸும் உன்ன உள்ள வுடாது. செல்வி பின்னாடி இருந்திருக்கா, ஒண்ணும் பாக்கல. பாத்தது அந்தப் பெரியவரு ஒருத்தர்தான்." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் உங்கிட்ட ஒண்ணும் சொல்லல."

"தாழ்ப்பாள் ஏன் சார் அத்தன நாளா மாத்தல?"

"அது வேற டிபார்ட்மெண்ட்டும்மா" என்றார்.

ஊரில் அவள் அப்பா சின்னசாமி, மகள் லீவில் வந்திருக்கிறாள் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். கேட்டவர்களுக்கும் உண்மை தெரியும், சொன்னவருக்கும் அவர்களுக்குத் தெரியும் என்பது தெரியும். அம்மா தாட்சாயணி சோற்றைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். "ஒருவாயாச்சும் துன்னு" என்பாள். வேறு ஒன்றும் கேட்க மாட்டாள்.

"நான் வோணா வர்ட்டா மே? அந்த சாமி கால்ல வுழுந்து கேக்கறேன்" என்றார் சின்னசாமி.

"இன்னான்னு கேப்ப நைனா?"

அவர் யோசித்தார். மாந்தோப்பில் மருந்தடிக்கிறபோது கட்டிய துண்டு இன்னும் தலையில் இருந்தது. "என் பொண்ண காப்பாத்துங்கன்னு கேப்பேன். வேற இன்னா கேக்கறது?"

"நீ வாணாம். நானே போயிகினு வரேன்."

புத்தூர் போய்ச் சித்தூர் பஸ் ஏறினாள். கார்வேட்டிநகரம் தாண்டுகிறவரை, அவரிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே வந்தாள். 'சாமி, நீங்களே டேப்பை எடுத்ததாகச் சொல்லிவிடுங்கள்.' ஒரு பொய்தான். யாருக்கும் அதனால் நஷ்டமில்லை. அவரை யாரும் வேலையை விட்டு நீக்கப் போவதில்லை. மனசுக்குள் எத்தனை சுலபமாக இருந்தது!

சித்தூரில் கட்டமஞ்சிப் பக்கம் வீடு. கதவைத் திறந்த ஸ்ரீப்ரியா, அவளை அடையாளம் கண்டதும் நிலைப்படியை மறித்தபடி நின்றாள்.

"உங்க கம்பெனிலேர்ந்து பூங்கொத்து அனுப்பினா. வாடியும் போயிடுத்து. நீ எதுக்கு வந்திருக்கே?"

"அம்மாவ பாக்கணும்னு..."

"பாரு. நன்னா பாரு. நாங்க தினமும் பாத்துண்டுதான் இருக்கோம்." அவள் விலகி வழி விட்டாள்.

கூடத்தில் கட்டில். கமலவல்லி நிமிர்ந்து படுத்திருந்தார். மழித்த தலையில் முடி இன்னும் சரியாக முளைக்கவில்லை. மூக்கில் குழாய். கண் திறந்திருந்தது; அது உத்தரத்தில் ஏதோ ஒரு இடத்தில் நிலைகுத்தியிருந்தது. மடியில் வைத்துக்கொள்கிறேனே, என்ன பெரிய பாரம் என்று கேட்ட அதே வாய்தான். இப்போது ஓரத்தில் எச்சில் வழிந்தது. ஸௌரிராஜன் பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். மூலையில் அந்தத் தேக்குப் பெட்டி திறந்திருந்தது. உள்ளே விளக்கு. காலை ஆராதனம் ஆகியிருந்தது.

"வாம்மா" என்றார். பாதி உடம்பு கரைந்து போயிருந்தது. "இன்னும் பண்ணிண்டுதான் இருக்கேன், பாத்தியா? கோச்சுண்டு நிறுத்தவும் தெரியலை எனக்கு. பெருமாளுக்குத் தளிகை அமுது செய்யப் பண்ணிட்டு இவளைப் பாக்கறேன். இவளுக்கு ஒரு வாய் பிரசாதம் கொடுக்க முடியலை. குழாயிலே எப்படிம்மா கொடுக்கறது?"

வந்த காரியத்தைச் சொல்லிவிட்டு ஓடிவிடத் துடித்தாள் தரணி.

"சாமி, ரேணிகுண்டால வெசாரண வெச்சிருக்காங்க. உங்களையும் கூப்புடுவாங்க."

"சொன்னா. ஸ்ரீப்ரியா அழைச்சுண்டு வரேன்னா."

"அங்க அந்த டேப்ப பத்திக் கேப்பாங்க சாமி. அத வந்து... யாரு..."

கமலவல்லியின் கண் அவள் பக்கமாக அசைந்ததுபோல் இருந்தது. அசையவில்லை. மின்விசிறிக் காற்றில் இமை முடிதான் அசைந்திருக்கிறது. ஆனாலும் பஸ்ஸில் கோத்துக்கொண்டு வந்த வார்த்தைகள் அத்தனையும் அந்த நிமிஷத்தில் அவிழ்ந்து கொட்டின. இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இந்த மனிதரிடம், எனக்காகப் பொய் சொல்லுங்கள் என்று எப்படிக் கேட்பாள்? வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.

அவர் எழுந்து வந்தார். அழுகிறவளை எப்படித் தேற்றுவது என்று தெரியாமல் கையைப் பிசைந்தார். "நீ ஏம்மா அழறே? தப்பு பூரா என்னோடது. வேண்டாம் வேண்டாம்னு சொன்னே, நான்தான் கேக்கலை. அத்தனையும் வந்து சொல்றேன். உன்மேலே ஒரு சொல் வர விடமாட்டேன். பெருமாள் சாட்சியா சொல்றேன், போ."

திரும்பி வருகிற வழியில் அவளுக்குப் பல நாளைக்கப்புறம் பசித்தது. வீட்டில் சோற்றுக்கு உட்கார்ந்ததும் அப்பாவிடம் சொன்னாள், தப்பெல்லாம் தன்மேல்தான் என்று அவரே சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று. சின்னசாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்பால இன்னா? பாசுரம் சொன்ன வாயி அது. செத்தாலும் பொய் சொல்லாது" என்றார்.

தரணி சோற்றில் வைத்த கையை அப்படியே வைத்திருந்தாள். அவள் தட்டு ஏன் முழுசாகக் காலியாகவில்லை என்று அப்பாவுக்கு விளங்கவில்லை.

விசாரணை விமான நிலையத்து மாடியறையில் நடந்தது. கண்ணாடிக்கு அப்பால் ஓடுபாதை தெரிந்தது. ஐதராபாத்திலிருந்து வந்திருந்த அதிகாரி, தமிழ் தெரியாத தெலுங்குக்காரர், மரியாதையாகவே பேசினார். லோகேஸ்வரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சுவரோரம் தரணி. எதிரே ஸௌரிராஜன், அவர் அருகில் ஸ்ரீப்ரியா.

அதிகாரி ஒன்றையும் விடாமல் கேட்டார். விமானத்தில் எப்போது ஏறினீர்கள், பெட்டி என்ன எடை, அறிவிப்பைப் பார்த்தீர்களா. தாழ்ப்பாள் ஏன் சரி செய்யப்படவில்லை என்று அவர் கேட்கவில்லை. ஸ்ரீப்ரியா கேட்டாள். "அது அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருந்ததம்மா" என்று தெலுங்கில் பதில் வந்தது. வரம்புக்குள் இருந்த ஒன்று என் அம்மாவை எப்படி இப்படி ஆக்கியது என்று அவள் கேட்டாள். அதற்கு அவர், மிகவும் வருந்துகிறோம் என்றார்.

ஸௌரிராஜன் தெலுங்கில்தான் ஆரம்பித்தார். தன் பிடிவாதம், தன் அகம்பாவம், ஜன்னலோரத்தைத் தான் எடுத்துக்கொண்டது வரைக்கும் சொன்னார். அந்தப் பெண் வேண்டாம் என்று தடுத்ததைச் சொன்னார். தரணி மூச்சை விட்டாள். லோகேஸ்வரனும் நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாக்குக் கொடுத்த மனிதர் பாதியில் எப்படி நிறுத்துவார்? அவருக்கு உணர்ச்சி பொங்கியது. தெலுங்கு நழுவித் தமிழ் வந்தது.

"இந்தக் குழந்தைக்கு என்ன பக்தி தெரியுமா? நான் பாத்தேனே. வேற யாராயிருந்தாலும் டேப்பைக் கிழிச்சுக் கடாசியிருப்பா. இவ நகத்தாலே மெள்ள மெள்ள, கிழியாம, பூ எடுக்கறாப்பல உரிச்சா. பெட்டியைத் தொட்டுக் கண்ணில ஒத்திண்டா. உரிச்ச டேப்பைத் தானே மறுபடி ஒட்டினா. எங்காத்துப் பெருமாளுக்காகத்தான் அத்தனையும் பண்ணினா. இவளைத் தண்டிச்சா அது அடுக்காது."

அதிகாரி லோகேஸ்வரனைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

லோகேஸ்வரன் கையில் இருந்த பேனாவை மூடினார், திறந்தார். பிறகு தெலுங்கில் நிதானமாக, "அந்தப் பெண் பக்தி உள்ளவள், மரியாதையாக நடந்துகொண்டாள், அவள்மேல் தனக்கு எந்தப் புகாரும் இல்லை என்கிறார்" என்றார்.

தரணி அவரைப் பார்த்தாள். அந்த ஒரு கணத்தில் அவருக்காகக் கோயில் கட்டவும் தயாராக இருந்தாள்.

"அதை விட்டுட்டேளே" என்றார் ஸௌரிராஜன், குழந்தையைப் போல் பதறி. "முக்கியமானதை விட்டுட்டேளே." நாற்பது வருஷம் தெலுங்குப் பக்தர்களுக்கு நடுவே சேவித்தவர். அவருக்குத் தெலுங்கு தெரியாதா? கைகளைக் கூப்பிக்கொண்டு, அதிகாரியின் முகத்தைப் பார்த்தே, சுத்தமான தெலுங்கில் மறுபடி முதலிலிருந்து சொன்னார். டேப்பை அவளே தன் கையால் எவ்வளவு பக்தியோடு உரித்தாள் என்பதை ஒரு விரல் அசைவுகூட விடாமல் நடித்தே காட்டினார். அவளுக்குச் சேர வேண்டிய நல்ல பெயர் ஒரு துளியும் சிந்திவிடக் கூடாது என்று அவருக்கு அத்தனை கவலை.

அதிகாரி எழுதிக்கொண்டார். லோகேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்ரீப்ரியாவுக்குப் புரிந்துவிட்டது, அவள் தரணியைப் பார்த்துவிட்டு, பார்வையைத் தரையில் போட்டாள்.

கீழே இறங்கி வந்ததும் ஸௌரிராஜன் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். அந்த முகத்தில் இத்தனை நாளில் முதல்முறையாகக் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. கமலவல்லிக்கு எதுவும் செய்ய முடியாத மனிதர், யாருக்காவது ஒன்றைச் செய்துவிட்ட வெளிச்சம்.

"சொல்லிட்டேம்மா. ஒண்ணு விடாம சொல்லிட்டேன். அந்த மனுஷர் நடுவிலே முழுங்கப் பாத்தார், நான் விடலை." மடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். "காலம்பற ஆராதனத் துளசி. வெச்சுக்கோ. நாளையிலேர்ந்து மறுபடி பறக்கலாமோன்னோ?"

பின்னால் நின்ற ஸ்ரீப்ரியா உதட்டைக் கடித்துக்கொண்டு தரணியையே பார்த்தாள். சொல்லிவிடாதே என்று கெஞ்சினாளோ, சொல்லேன் என்று கேட்டாளோ தெரியாது.

"பறக்கலாம் சாமி" என்றாள் தரணி. "ரொம்ப நன்றி சாமி."

"நானும் அவளும் அடுத்த தடவை வரச்சே நீதான் இருக்கணும்."

"இருக்கேன் சாமி."

அவர்கள் ஆட்டோ ஏறிப் போனார்கள். தலைக்கு மேல் விசிறிச் சத்தத்தோடு ஒரு விமானம் ஐதராபாத் பக்கம் ஏறியது. அதே விமானமாகவும் இருக்கலாம். பார்ட் இன்னும் வந்திருக்காது. புது டேப் ஒட்டியிருப்பார்கள். ஏழாவது வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ என்று நினைத்தாள். தெரிந்து அவள் செய்யப்போவது ஒன்றுமில்லை.

ரேணிகுண்டா சந்தியில் நகரி பஸ் வந்தது. நல்ல கூட்டம். எப்படியோ ஒரு இடம் கிடைத்தது. கண்டக்டர் பையைக் காட்டி, "கீழ வெய்யிமா, இல்ல மேல போடு. நிக்கறவங்களுக்கு எடம் வாணாவா?" என்றான். பைக்குள் துளசிப் பொட்டலம் இருந்தது. அவள் காலடியைப் பார்த்தாள். தலைக்கு மேலே கம்பிப் பரணையும், அதற்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்த ஒரு அம்மாவையும் பார்த்தாள்.

"மடியில வெச்சிகினு வரேன்ணா" என்றாள். "பெரிய பாரம் ஒண்ணும் இல்ல."

கண்டக்டர் சரி என்று சொல்லிவிட்டு அடுத்த டிக்கெட்டைக் கிழித்தான். பஸ்ஸில் அதைத் தடுக்க எந்த விதியும் கிடையாது. ஊர் வந்து சேரும்வரை தரணி பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதபடியே இருந்தாள்.